வெள்ளை வண்டியின் குறைகள்

என்னைப் பெற்ற அய்யாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ராமநாதபுரம் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது பேருந்து சரிப்பட்டு வரும். திரும்பும்போதுதான் சிரமம். பாதிப் பகல் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்துவிட்டு எழுகிற மனிதரால் பேருந்து நிலையத்தில் நிற்க முடியாது. முடியவில்லை என்று அவர் சொல்லவும் மாட்டார். ஏதாவது ஒரு தூணில் சாய்ந்துகொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பேச்சு பாதியில் நின்றால் தலை சுற்றுகிறது என்று நான் தெரிந்துகொள்வேன்.

எங்கள் ஊர் கடலாடிப் பக்கம், உள்ளே தள்ளி இருக்கிறது. பேருந்து, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கருவேலங்காட்டுக்கு நடுவே நடக்க வேண்டும். மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதும் ஆபத்து. அரைத் தூக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். ஒருநாள் விலக்கில் இறங்கியதும் தார் ரோட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் காத்தாட இருந்துட்டுப் போவோம்லே" என்றார். காற்றே இல்லாத மதியம் அது. கார் வாங்குவது என்று நான் அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஓடுகிறவரைக்கும் பஸ்ஸில் போவோம், நமக்கெதுக்குக் காரு, நிறுத்துவதற்கு எங்கே இடம், ஆடு ஏறி நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரி வாசலுக்குப் போனது நான் ஒருத்தன்தான். அதனால் மருந்துச் சீட்டு முதல் மின்கட்டண ரசீது வரை எதை வாசித்து எதைச் சொன்னாலும் வீட்டில் எடுபடும். இதுவும் எடுபட்டது. என் சேமிப்போடு அந்த வருடத்து மிளகாய் வத்தல் விற்ற பணத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் படித்தது மின்சாரம். ஓட்டத் தெரியுமே தவிர, கார் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. பழைய வண்டி வாங்குவது எப்படி என்று கைபேசியில் எத்தனையோ காணொளிகள் பார்த்தேன். சொல்கிறவர்கள் ஊருக்கு ஒருவர், ஆனால் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுக்கு அவசரம் இருப்பதைக் காட்டிக்கொள்ளாதீர்கள். பிடித்த வண்டியைப் பிடித்தது என்று சொல்லாதீர்கள். முதலில் குறைகளைச் சொல்லுங்கள். விலை படியவில்லை என்றால் எழுந்து நடங்கள், பின்னாலேயே கூப்பிடுவார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

ராமநாதபுரத்தில் இருந்து கிழக்கே, ராமேஸ்வரம் தீவுக்குப் போகிற சாலையில், தகரக் கொட்டகை போட்டுப் பழைய கார் விற்கிற ஒருவர் இருந்தார். முதல் தடவை நான் மட்டும் போனேன். உள்ளே நுழைந்த உடனேயே ஒரு சின்ன வெள்ளை வண்டி கண்ணில் பட்டது. பின் இருக்கை அகலமாக இருந்தது. காலை மடக்கினால் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். அது போதும் எனக்கு. ஆனால் பாடம் ஞாபகம் வந்து, பக்கத்தில் நின்ற சிவப்பு வண்டியை வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கடைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். வெள்ளை வண்டியைப் பற்றி நான் போகிற போக்கில் கேட்டதுபோலக் கேட்டதும், அது ஒரு டீச்சர் வைத்திருந்த வண்டி என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகும், வீட்டுக்கு வரும், அவ்வளவுதான் ஓட்டம். விலை மூன்றேகால் லட்சம். என்ன தேவைக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சும்மா, வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் தடவை அய்யாவோடு போனேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பேருந்தில் வைத்து அவருக்குப் பாடம் சொன்னேன். வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது. யாருக்காக வாங்குகிறோம் என்று சொல்லக்கூடாது. நான் பேசும்போது நடுவில் பேசக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். நல்ல பிள்ளையாகத்தான் ஆட்டினார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டு, மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே எங்கள் தோட்டத்துக் குண்டு வத்தல், பொறுக்கி எடுத்தது.

"நம்ம கொல்லையில வெளஞ்சது. கொழம்புக்கு நல்லாருக்கும்" என்றார்.

கடைக்காரர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விலை பேச வந்த ஆள் விற்கிறவருக்குச் சீர் கொண்டுவந்ததை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். நான் பிறகு அய்யாவிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, ஒருத்தர் இடத்துக்கு வெறுங்கையோடு போவதா என்று திருப்பிக் கேட்டார்.

சரி, வத்தல் போனால் போகட்டும் என்று நான் ஆரம்பித்தேன். முன் டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது என்றேன். கதவை மூடிக் காட்டி, தகர டப்பா மாதிரி சத்தம் வருகிறது என்றேன். இடது பக்கம் பெயின்ட் வேறு வெள்ளையாக இருக்கிறது, எங்கேயோ இடித்து அடித்திருக்கிறார்கள் என்றேன். ஏசி போட்டால் காற்று வருகிறதே தவிரக் குளிர் இல்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து, இது என்ன மாட்டு வண்டி மாதிரி ஆடுகிறது என்று சொன்னேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் போய்விட்டேன்.

பின்னால் இருந்து அய்யாவின் குரல் வந்தது.

"நல்ல வண்டியால்ல இருக்கு. வெள்ளை வெளேர்னு லட்சணமா இருக்கு." பிறகு கடைக்காரரிடம், "சின்னப்பய ஏதோ சொல்றான். மனசுல வச்சுக்காதீகய்யா" என்றார்.

கடைக்காரர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. "பெரியவரே சொல்லிட்டாரு. அப்பறம் என்ன தம்பி?"

நான் அய்யாவைக் கூட்டிக்கொண்டு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். அவர் அதிகம் தண்ணீர் குடிக்கக்கூடாது. டீயும் பாதிக் கிளாஸ்தான். அதை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, பேருந்தில் என்ன சொல்லிக் கூட்டிவந்தேன் என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு நின்னுக்கிட்டிருக்கான்லே. அவன் கண்ணு முன்னாடியே அவன் பொருள அம்புட்டுக் கொறை சொல்ற."

"வாங்குறவன் அப்படித்தான் சொல்லணும்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும்தான். அவர் ஆயுள் முழுக்க வத்தல் மூட்டையோடு கமிஷன் கடைகளில் நின்றவர். நானும் விடுமுறை நாட்களில் கூட நின்றிருக்கிறேன். வாங்க வருகிறவர் கையை மூட்டையின் அடி ஆழம் வரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளுவார். காதருகே குலுக்கிப் பார்ப்பார். ஒன்றை ஒடித்துப் பார்ப்பார். ஈரம் என்பார், காம்பு அதிகம் என்பார், சோடை விழுந்திருக்கிறது, நிறமே இல்லை, இதை யார் வாங்குவார் என்பார். சொல்லிக்கொண்டே கையில் இருந்ததைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவார். அய்யா குனிந்து, கொட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப மூட்டையில் போடுவார். விலை என்று அவர்கள் எதைச் சொன்னார்களோ அதுதான் விலை. அவர் ஒருநாளும் ஒரு விலையைச் சொல்லி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அது வேறு இது வேறு என்று நான் சொன்னேன். நாம் ஆறு மாதம் தண்ணீர் கட்டி, பூச்சி பார்த்து விளைவித்த பொருள் அது. இவர் இந்த வண்டியைப் பெற்றுவளர்த்தவர் இல்லை. போன மாதம் வாங்கினார், இந்த மாதம் விற்கிறார். இதில் அவருக்கு வருத்தப்பட என்ன இருக்கிறது? அய்யா யோசித்தார். நான் சொன்னது சரியென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

"நீ பேசு. நான் அங்கன தள்ளிப் போயி இருக்கேன். காதுல விழாத எடத்துல" என்றார்.

கொட்டகையின் அந்தக் கோடியில் விற்பனைக்கு ஒரு பழைய டிராக்டர் நின்றது. அதன் நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு நான் வாய்க்கு வந்ததைச் சொல்வதை விட்டுவிட்டு வண்டியை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். கால் மிதியைத் தூக்கினேன். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைத்தேன். அது இருந்த குழியில் ஒரு கை அளவுக்கு மணல். வெளிறிய பொடி மணல், நடுநடுவே உடைந்த சிப்பித் துணுக்கு. எங்கள் பக்கத்துக் கரிசல் இல்லை அது. தனுஷ்கோடிக்குப் போய்விட்டு வந்த யார் காலை உதறினாலும் விழுகிற மணல்.

நான் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரரும் பார்த்தார்.

"டீச்சர் எந்த ஊருண்ணே?"

"ராமேஸ்வரம்."

"போன தடவ சொல்லலையே."

"டீச்சர் வண்டின்னு சொன்னேன். எந்த ஊரு டீச்சருன்னு நீங்க கேக்கல தம்பி."

அவர் அதை வெட்கப்பட்டும் சொல்லவில்லை, குதர்க்கமாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் தன் வேலை என்பதுபோலச் சொன்னார். பிறகு மீதியையும் சொன்னார். டீச்சர் வீடு கடலை ஒட்டி. லீவு விட்டால் வெளியூரில் இருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். வந்தவர்களை எல்லாம் இந்த வண்டிதான் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியது.

நான் தரையில் படுத்துக் கைபேசி வெளிச்சத்தில் அடியைப் பார்த்தேன். மேலே வெள்ளை வெளேர் என்று இருந்த வண்டி கீழே வேறு வண்டியாக இருந்தது. உப்புக்காற்று தின்ற தகடு அடுக்கடுக்காக உரிந்து தொங்கியது. வீட்டுச் சாவியால் லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி முகத்தில் விழுந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, சாவி உள்ளேயே போய்விட்டது. பின் இருக்கையில் படுக்கப் போகிற ஆள் இறங்கும்போது காலை ஊன்றுகிற இடம் அது.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நான் எதுவும் சொல்லும் முன் கடைக்காரர் மூன்று என்றார். கால் லட்சம் ஒரு வார்த்தையில் போய்விட்டது. நான் இரண்டேமுக்கால் என்றேன். அவர் தலையை அசைத்தார். தரகருக்குக் கொடுத்தது, பேட்டரிக்குக் கொடுத்தது, இடத்து வாடகை என்று அவர் கணக்கு ஓடியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தோம். இதுதான் அந்த இடம் என்று எனக்குப் பட்டது. காணொளிக்காரர்கள் அத்தனை பேரும் சொன்ன இடம். சரிண்ணே, எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டுச் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி. பார்க்கவில்லை.

ஆனால் டிராக்டர் நிழலில் இருந்து அய்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிஷன் கடையில் வாங்குகிறவர் எழுந்து நடந்தால் விலை படிந்துவிட்டது, கணக்குச் சிட்டை எழுதப் போகிறார் என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்து எழுந்து, என்னைத் தாண்டி நேராகக் கடைக்காரரிடம் போய்விட்டார்.

நான் வாசலில் நின்று திரும்பியபோது அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். "ரொம்பச் சந்தோசம்யா. பய வெடுவெடுன்னு பேசுவான், மனசு நல்ல மனசு. வண்டிய நாங்க நல்லா வச்சுக்கிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இனிமேல் நடந்து எங்கே போவது? திரும்பி வந்தேன்.

கும்பிட்டபோது அய்யாவின் சட்டைக் கை மேலேறிவிட்டது. இடது முழங்கைப் பக்கம் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். முந்தின நாள் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் இன்னும் இருந்தன. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பெரியவரே கையில?"

அய்யாவுக்கு யாராவது கேட்டால் போதும். வாரம் இரண்டு தடவை, இரண்டு பஸ், திரும்பும்போது கொஞ்சம் கிறுகிறுப்பு, வேற ஒன்றும் இல்லை, பையன்தான் பயந்துகிட்டுக் காரு காருன்னு நிக்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் இரண்டு தடவையும் கஷ்டப்பட்டு ஒளித்துவைத்திருந்தது அத்தனையும் கொட்டகை நடுவில் வந்து விழுந்தது. வண்டி எங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்று தெரிந்த பிறகு யார் விலையைக் குறைப்பார்கள் என்று நினைத்தேன்.

கடைக்காரர் தன் நாற்காலியை இழுத்து அய்யாவுக்குப் போட்டார். தானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு அதே குரலில், மூன்றுக்குக் கீழே தனக்குக் கட்டாது என்று முன்பு சொன்னதையே சொன்னார். விலையை ஏற்றவும் இல்லை, இரக்கப்பட்டு இறக்கவும் இல்லை. அது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. மறைப்பதற்கு என்னிடமும் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"வெலையோட இன்னொரு விஷயமும் இருக்குண்ணே. விலக்குல இருந்து எங்க ஊருக்குப் போற வழியில இந்த வண்டி நின்னுச்சுன்னா ஒரு ஆட்டோகூட வராது. உள்ள இவரு படுத்திருப்பாரு. நிக்காத வண்டியா வேணும். அடியில துருப்பிடிச்ச தகட்ட வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சுத் தாங்க."

அவர் யோசித்தார். பட்டறை அவருக்குத் தெரிந்தவருடையது, கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்தது. எனக்கு வெளியே பெரிய செலவாகிற வேலை அவருக்கு அங்கே பாதியில் முடியும். அதை அவர் சொல்லவில்லை, ஆனால் பின்பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்ததில் எனக்குப் புரிந்தது. தகடு வேலை தன் செலவு, பேட்டரி ஏற்கெனவே புதிதாகப் போட்டது, விலை இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம், இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை என்றார். நான் தேய்ந்த டயர்களைச் சொன்னேன். அது நீங்க போட்டுக்கங்க என்றார். சரி என்றேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. துரு வேலை பார்த்த பிறகு அடியில் தார் மாதிரிக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அடித்துவிட்டால் உள்ளே புதுத் தகடா, பழைய துருவா, யாரும் பார்க்க முடியாது. காணொளிகளில் உருப்படியாக ஒன்று தெரிந்துகொண்டேன் என்றால் அது இதுதான்.

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நான் வந்து அடியப் பாக்கணும்ணே. அதுக்கப்பறம்தான் மீதிப் பணம்."

முதல்முறையாக அவர் முகம் சுருங்கியது. அய்யா பார்க்க மனமில்லாமல் தள்ளிப் போய் உட்கார்ந்தாரே, அந்த முகம் இதுதான் போலிருக்கிறது.

"ஏன் தம்பி, நம்பிக்கை இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அய்யா நாற்காலியில் நிமிர்ந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"நம்பிக்கையெல்லாம் இருக்குய்யா" என்றார் அவசரமாக. பிறகு என்னைப் பார்த்தார். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "இருந்தாலும் அவன் பாக்கட்டும். பாத்தாத்தான் தூங்குவான்."

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை மூட்டையாக வத்தலைக் குறை சொல்லக் கேட்டு நின்ற மனிதர், ஒரு விற்கிறவர் முகத்துக்கு நேரே இவ்வளவு சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கடைக்காரர் சிரித்துவிட்டார். வரச் சொல்லுங்க பெரியவரே, வந்து படுத்துப் பாக்கட்டும் என்றார்.

முன்பணம் கொடுத்தோம். புறப்படும்போது கடைக்காரர் மஞ்சள் பையை மறக்காமல் எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்த வாரம் அவரே கைபேசியில் கூப்பிட்டார். பாலிடெக்னிக்கில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். புதுத் தகடு ஒட்டின இடமெல்லாம் பளபளவென்று வெளியே தெரிந்தது. சாவியை எடுத்து ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் இன்னும் உதிர்ந்தது. காட்டினேன். பட்டறைக்காரர் முனகினார். கடைக்காரர் அதையும் வெட்டச் சொன்னார். வெட்டி ஒட்டுகிற வரைக்கும் நின்றேன். கறுப்புப் பெயின்ட் என் கண் முன்னால்தான் ஏறியது. வத்தல் குழம்புக்கு நல்ல நிறம் கொடுத்தது என்று வீட்டில் சொன்னார்களாம், அய்யாவிடம் சொல்லச் சொன்னார் கடைக்காரர்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அய்யா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஆடு ஏறாதபடி கருவேல முள்ளை வெட்டி மூன்று பக்கமும் வேலி மாதிரி போட்டார். அதிகம் தூக்கக்கூடாத கையால் போட்டார். நான் சத்தம் போட்டேன். அடுத்த ஆஸ்பத்திரி நாளில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். உத்தரகோசமங்கை தாண்டும்போது கோபுரம் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு.

மதியம் சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது வழக்கமாக அவரோடு பக்கத்துப் படுக்கையில் இருக்கிறவரும் கூட வந்தார். திருவாடானைப் பக்கத்துக்காரர். அவருக்கும் திரும்பிப் போக இரண்டு பஸ். வேப்பமர நிழலில் நின்ற வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதா உங்க வண்டி? புதுசு மாதிரி இருக்கே. வெள்ளை வெளேர்னு."

நான் மகிழ்ச்சியோடு வாயைத் திறக்கப் போனேன். அய்யா முந்திக்கொண்டார்.

"எங்கிட்டுப் புதுசு. ஓட்டை வண்டி. முன் டயரு ரெண்டும் தேஞ்சுபோச்சு. கதவ மூடுனாத் தகர டப்பா சத்தம். இந்தா பாருங்க, இந்தப் பக்கம் வேற வெள்ளை, எங்கனயோ முட்டி அடிச்சிருக்கான். ஏசின்னு பேரு, காத்துத்தான் வருது. திருப்புனா மாட்டு வண்டி கணக்கா ஆடும். டிக்கியத் தெறந்தா தனுஷ்கோடி மண்ண அள்ளலாம்."

நான் சொன்ன குறைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை. மணல் விஷயம் அவர் டிராக்டர் நிழலுக்குப் போன பிறகு நடந்தது. காதில் விழாத இடம் என்று சொல்லிப் போனவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இப்போது வண்டி நம்முடையது. நம் பொருளை இன்னொருத்தர் வாய்விட்டுப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். நாமே நாலு குறை சொல்லி இறக்கிவைத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளையையும் பயிரையும் அப்படித்தான் பேசுவார்கள். அவர் அந்த வண்டியை அதற்குள் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

திருவாடானைக்காரர் பரிதாபப்பட்டு, நல்லா ஏமாத்திட்டாங்களே உங்கள என்றார். அவரைப் பேருந்து நிலையம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டோம். இறங்கும்போது பின் இருக்கையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

பிறகு அய்யா பின்னால் மாறிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பஸ் எங்களை வழக்கமாக இறக்கிவிடுகிற விலக்கு வந்தது. வண்டி நிற்காமல் திரும்பிக் கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. அப்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

"ஏலே, நான் சொன்னதெல்லாம் அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லிறாத. மனசு சங்கடப்படுவாரு."